ஷம்ஸாவின் முறைத் தண்ணீர்

ஷம்ஸா வந்து நின்றபோது முஹன்னா காபிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தார். அவள் சலாம்கூடச் சொல்லவில்லை.

"மாமா, என் முறைத் தண்ணியை யாரோ களவாடுறாங்க. எலுமிச்சை பூராவும் காயுது. வெள்ளிக்கிழமை தோப்பை மாடிவீட்டு ஹாரிப்புக்கு எழுதிக் கொடுக்கிறதா வாக்குக் கொடுத்துட்டேன். அதுக்குள்ள நீங்க கண்டுபிடிச்சா தோப்பு எனக்கு. இல்லைன்னா நானும் பிள்ளைகளும் மச்சினர் வீட்டு அடுப்படியில போய் நிக்கணும்."

முஹன்னா கொட்டையைக் கருகவிடாமல் இறக்கி வைத்தார். ஒரு காலத்தில் பாலையில் தடம் பார்த்துத் திருடர்களைப் பிடித்தவர் அவர். ஒட்டகத்தின் தடத்தைப் பார்த்தே அதன் தாய்க்கு எந்தக் கண்ணில் பூ விழுந்தது என்று சொல்லிவிடுவார் என்பார்கள். ஓமான் மலைகளில் இதை நம்பாதவன் ஒருவனும் இல்லை. இருந்தால் அவன் வெளியூர்க்காரன்.

"நேரம் குறையுதா, தண்ணி குறையுதா?"

"நேரம் சரிதான். விடிவெள்ளி வந்ததும் திறக்கிறாங்க, பொழுது கிளம்பினதும் அடைக்கிறாங்க. வாய்க்கால் நிறைய வரணும். என் கடைமடைக்கு வரும்போது கால் விரல்கூட நனையலை."

"ஹாரிப் முதல்ல எப்போ விலை கேட்டான்?"

"குளிர்காலத்துலயே. அப்போ ஒரு இலைகூட வாடலை, மாமா. 'பாவம் நீ, வித்துட்டு நிம்மதியா இரு'ன்னு அல்வாத் தட்டோட வந்தான்."

மூலையில் உட்கார்ந்திருந்த துவைனி தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். முஹன்னாவின் மனைவிக்குத் தம்பி; நாற்பது வயது, ஒரு கழுதை, ஊரிலுள்ள கழுதைகளுக்கெல்லாம் சேர்த்து அவசரம்.

"முடிஞ்சது வழக்கு! தோப்பைக் காய வெச்சு அடிமாட்டு விலைக்கு வாங்கப் பாக்குறான். மச்சான், கயிறு எங்க?"

"கயிறு இருக்கட்டும். முதல்ல நடப்போம்," என்றார் முஹன்னா.

ஊற்றுக்கண்ணிலிருந்து கடைமடை வரை வாய்க்காலோரமாகவே நடந்தார்கள். வழியெங்கும் ஆளுக்கொரு மடை, ஒவ்வொன்றையும் அடைக்கக் கந்தல் சுற்றிய ஒரு கல். அன்று விடியலில் ஷம்ஸாவின் முறை மட்டுமே ஓடியிருந்தது. ஆனால் மடைகளின் கீழே மண் ஈரமாயிருந்தது.

"கசிவு, மச்சான். பழைய கந்தல்," என்றான் துவைனி.

ஒரே ஒரு மடையின் கீழ் மட்டும் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. முஹன்னா அங்கே கொஞ்சம் நின்றார். துவைனி அதைக் கவனிக்கவில்லை. எதிரே ஹாரிப்பின் மாடி ஜன்னலைப் பார்த்து முஷ்டியை ஆட்டிக்கொண்டிருந்தான். வாய்க்கால் முழுவதையும் பார்க்கும் ஜன்னல் அது. விளிம்பில் ஒரு மெத்தை, உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் குழி விழுந்திருந்தது.

முறைகாரர் நபஹான் எதிரே வந்தார். யாருக்கு எப்போது தண்ணீர் என்பதைப் பார்ப்பது அவர் வேலை. "திருடன் யாருன்னு ஊருக்கே தெரியும்," என்று அதே மாடியைத் தாடையால் காட்டினார். "பெரிய மனுஷனை யார் கேக்குறது?"

அன்று மாலை முஹன்னா சாயக்காரரிடமிருந்து அவுரி நீலம் வாங்கினார். ஜாடிக்கணக்கில் வாங்கினார். மலையையே முக்கியெடுத்துக் காயப்போடலாம், அவ்வளவு நீலம்.

"எதுக்கு மச்சான்? தலைப்பாகைக்கா?"

"தலைக்கு இல்ல. நீ வீட்டுக்குப் போ. ஷம்ஸாவோட அடுத்த முறை முடிஞ்சதும் எல்லாரையும் மண்டபத்துக்குக் கூப்பிடு."

துவைனி கூப்பிட்டான். தண்ணீரில் பங்குள்ள ஆண்கள் அத்தனை பேரும் ஊர் மண்டபத்தில் கூடினார்கள். பல்லிகூட நிழல் கேட்டுக் கதவைத் தட்டும் வெயில் அன்று. அந்த வெயிலில் வந்தவர்கள் எல்லாரும் காலில் ஆட்டுரோமக் காலுறை அணிந்திருந்தார்கள்! பாலைவாசிகளான பதூக்கள் கொதிக்கும் மணலுக்குப் போடுவது. முழங்கால்வரை இழுத்துக் கட்டி, வியர்வை வழிய, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். துவைனியும் நொண்டிக்கொண்டு வந்தான், காலுறையோடு.

"முள்ளு குத்திடுச்சு, மச்சான்."

"ரெண்டு கால்லயுமா?"

"பெரிய முள்ளு."

ஹாரிப் மட்டும் வெறுங்காலோடு கம்பீரமாக நடந்து வந்து சுவரில் சாய்ந்தார். துவைனி பாய்ந்து அவர் பாதத்தைத் தூக்கிப் பார்த்தான். கறந்த பால் போலிருந்தது.

"காலை விடுப்பா. எனக்குக் கூச்சம் ஜாஸ்தி," என்றார் ஹாரிப்.

முஹன்னா காபியைக் கீழே வைத்தார். "நேரம் சரியா இருந்துச்சு. அப்போ களவு நடுவழியிலதான். யார் மடையில இறங்கினாலும் தெரியணும்னு விடியலுக்கு முன்னாடி, இருட்டுல, ஊற்றுக்கண்ணுல நீலத்தைக் கொட்டினேன். ஷம்ஸாவுக்கு மட்டும் சொல்லிட்டுத்தான். காலுறையைக் கழட்டுங்க."

யாரும் அசையவில்லை. கடைசியில் நபஹான்தான் கழற்றினார். முறைகாரர்! கணுக்கால்வரை மயில் கழுத்து நிறம். அதைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அடுத்தவர். மண்டபத் தரையில் வானம் இறங்கியது போல வரிசையாக நீலக் கால்கள். ஒவ்வொருவரும் மற்றவர் காலைப் பார்த்துத் திகைத்த திகைப்பைச் சொல்ல வேண்டும்: தன்னைத் தவிர இந்த ஊரில் இன்னொருவன் இப்படிச் செய்வான் என்று எவருமே நினைத்திருக்கவில்லை!

"நீங்களுமா, வாத்தியாரே?" என்றார் நபஹான்.

"பிள்ளைங்க பலகை கழுவ ஒரு குடம்," என்றார் ஓதிக் கொடுக்கும் கஹ்தான். "அது திருட்டா? கல்விக்குச் செய்யுற காரியம். நீங்கதான் காவல்காரர், நீங்க எப்படி?"

"ராப்பகலா முறை பாக்குறேன், ஒரு வாய் உரிமை எனக்கு இல்லையா?"

"அவ புருஷன் கப்பல்ல சம்பாதிக்கிறான், என் கீரை என்ன பாவம் பண்ணுச்சு?" என்றது ஒரு குரல்.

"ஹாரிப் வாய்க்கால் வாய்க்காலா எடுக்குறான், நான் எடுத்தது ஒரு குடம்," என்றது இன்னொன்று. அதைக் கேட்டதும் மண்டபமே பிடித்துக்கொண்டது. "அதானே! அவன் எடுக்கும்போது..." "அவனுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

"அவன் ஒரு சொட்டு எடுக்கலை," என்றார் முஹன்னா. "அவன் மடைக்குக் கீழதான் மண் வெடிச்சுக் கிடக்கு. இல்லாத திருடனைக் காட்டிக் காட்டியே ஆளுக்கொரு குடம் எடுத்திருக்கீங்க. ஆளுக்கொரு குடம்தான்! அதான் அவளுக்குக் கால் விரல் நனையலை."

பிறகு அவர் மெல்லத் திரும்பினார். "துவைனி."

"கழுதைக்கு, மச்சான்," என்றான் துவைனி, அழுதுவிடுவது போல. "வாயில்லா ஜீவன். நான் குடிக்கலையே."

ஊர் முழுவதையும் சந்தேகித்த முஹன்னா, தன் வீட்டு வாசலைச் சந்தேகித்திருக்கவில்லை.

ஹாரிப் எழுந்து அங்கியைத் தட்டினார். "ஒருவழியா உண்மை வெளிய வந்துச்சு. இந்த ஊர்ல யோக்கியன் நான் ஒருத்தன்."

"உக்காரு, ஹாரிப். தோப்பு காயப்போகுதுன்னு மரத்துக்கே தெரியாதபோது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஹாரிப் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"உன் ஜன்னல் மெத்தையில குழி விழுந்திருக்கு. இவ முறை வர்ற விடியலெல்லாம் உக்காந்து இவங்களைப் பார்த்திருக்கே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே நின்னிருக்கும். தோப்பு விலையும் இறங்கியிருக்காது."

"பாக்குறது குத்தமா?" ஹாரிப் நிஜமாகவே அதிர்ந்துபோனார். "நான் எடுக்கலையே! வாய்க்கால் பக்கமே கால் வைக்கலையே! அக்கம்பக்கத்தானைக் காட்டிக்கொடுக்கிறது பாவம்னுதான் சும்மா இருந்தேன்."

வாசலில் நின்றுகொண்டிருந்த ஷம்ஸா உள்ளே வந்தாள். அவள் பாதங்களும் நீலம்தான். அவள் தண்ணீர், அவள் கால். முஹன்னா மூலையில் கொண்டுவந்து வைத்திருந்த மிச்ச நீல ஜாடியை இரண்டு கையாலும் தூக்கினாள். ஹாரிப்பின் பால் வெள்ளைப் பாதங்கள் மீது நிதானமாக, கடைசிச் சொட்டு வரை கவிழ்த்தாள்.

"இப்போ சரியா இருக்கு," என்றாள். "தோப்பு விக்கிறதுக்கு இல்ல."

அடுத்த முறையன்று ஒவ்வொருவரும் தன் மடைமேல் உட்கார்ந்து, பக்கத்து மடையை முறைத்துக்கொண்டிருந்தார். வாய்க்கால் ஷம்ஸாவின் முழங்காலை நனைத்தது.

அதற்கு முன் வந்த வெள்ளிக்கிழமையில் பள்ளிவாசலில் தொழுகை நடந்தது. எல்லாரும் நெற்றி தரையில் பதிய சுஜூதுக்குக் குனிந்தார்கள். ஒவ்வொருவர் நெற்றிக்கு முன்னாலும் முன்வரிசைக்காரரின் ஒரு ஜோடி நீலக் குதிகால். கடைசி வரிசையில் இடம் பிடிக்க அன்று நடந்த தள்ளுமுள்ளை அந்த மலை அதுவரை கண்டதில்லை. துவைனிக்கு இடம் கிடைக்கவில்லை. முதல் வரிசையில்தான் நின்றான், நேர்ப் பின்னால் முஹன்னா.