முதல் ஓட்டம்

அர்த்தநாரி எழுந்தான். பல் துலக்கினான். அடுப்பைப் பற்றவைத்துக் காப்பி போட்டான். இரண்டு டம்ளரில் ஊற்றினான். ஒன்றைக் குடித்தான். மற்றதைச் சாக்கடையில் கொட்டினான். ஆடி மாதத்திலிருந்து இப்படித்தான்.

பனியன் கம்பெனிக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையைத் திறந்தான். வண்டியின் இடப்பக்கக் கண்ணாடி மட்டும் பனித்திருந்தது. மார்கழிதான். ஆனால் பனி உள்பக்கம் இருந்தது.

பட்டாளத்து ஏலத்தில் வந்த பழைய பிக்கப் அது. ஆடியில் அண்ணன் சென்னியப்பன் கோயமுத்தூரிலிருந்து தானே ஓட்டிவந்து நிறுத்தினார். விடிந்ததும் சிவன்மலையில் பூசை, அதுதான் முதல் ஓட்டம் என்றார். அன்று இரவே இவன் மனைவி பொன்னாத்தாளுக்குப் பிரசவ வலி கண்டது. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். சுக்குக் கஷாயம் குடித்த வாயோடு அவளைத் தூக்கிவந்து இடப்பக்க சீட்டில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். அர்த்தநாரி வெளியே வண்டியின் முன்னால் நின்று எஞ்சினை ஹேண்டில் போட்டுச் சுற்றினான், உள்ளங்கைத் தோல் உரியும்வரை. வண்டி கிளம்பவில்லை. அந்த சீட்டிலேயே அவள் அடங்கினாள்.

"கடைசியா, 'அவரைப் பாத்துக்குங்க மாமா'ன்னு சொன்னாடா," என்று அண்ணன் அழுதார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இவன் தினமும் எழுந்தான்.

இன்று பழைய இரும்புக்காரர் வந்து வண்டியை உடைத்து எடுத்துப் போகிறார். அதற்குள் ஒன்று தெரியவேண்டும். அன்று ஏன் கிளம்பவில்லை?

சாவியைத் திருப்பக் கதவு வழியே கை நீட்டினான். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வண்டிக்குள் துருவும் எலிப்புழுக்கையும் பழைய ரெக்சினும் நாறுவதற்கு மாறாக, அப்போதுதான் இறக்கிவைத்த சுக்குக் கஷாயத்தின் காரமான ஆவி முகத்தில் அடித்தது; இடப்பக்க சீட்டில் ஒரு குழிவு இருந்தது, அதில் கை தெரியாமல் பட்டபோது வெதுவெதுவென்று இருந்தது.

சாவியைத் திருப்பிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

"செத்த வண்டியப் போட்டு ஏங்கண்ணு நோண்டறே?" அண்ணன் கொட்டகை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"ஒருக்கா ஹேண்டில் சுத்துங்ண்ணா."

"உடு கண்ணு. இரும்புக்காரன் வந்துருவான்."

"ஒரே ஒருக்காங்ண்ணா."

அண்ணன் தயங்கி உள்ளே வந்து சுற்றினார். பெட்ரோல் வந்தது. பொறியைக் கிளப்பும் காயிலின் வயர் முனையில் நீலப்பொறி பாய்ந்தது. பிளக் வயரில் பொறி இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது டிஸ்ட்ரிபியூட்டர். அதன் மூடியை நெம்பினான்.

உள்ளே காலி. பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கிற, கட்டைவிரல் அளவு ரோட்டர் இல்லை. திருட்டுக்குப் பயந்து இரவில் அதைக் கழற்றிச் சட்டை ஜோப்பில் போட்டுக்கொள்வது டிரைவர்களின் வழக்கம். இதைக் கடைசியாக ஓட்டியவர் ஒருவர்தான்.

நிமிர்ந்தான். அண்ணனின் கை தானாக ஜோப்புக்குப் போயிருந்தது.

"பூசை போடாத வண்டி," என்றார். "மொத ஓட்டமே தீட்டோட வேண்டாம்னு... விடியறவரைக்கும் தாங்கிக்குவாள்னு நெனச்சேன் கண்ணு. அப்பறம் கெணத்துல வீசிட்டேன்."

சீட்டு ஸ்பிரிங் முனகியது. இடப்பக்கம். யாரோ புரண்டு உட்காருவதுபோல. பனித்த கண்ணாடியில் ஐந்து விரல்கள் உள்ளிருந்து பதிந்தன. மெல்ல வழிந்தன.

எஞ்சின் ஓடியது.

மூடி அவன் கையில். ஹேண்டில் தரையில். எஞ்சின் ஓடியது.

அண்ணன் தன் மார்பைக் குனிந்து பார்த்தார். வெள்ளைச் சட்டையின் ஜோப்பு நனைந்திருந்தது. எதையோ சுமந்து கனத்துத் தொங்கியது. கிணற்று நீர். சொட்டு. சொட்டு.

கண்ணாடி இறங்கியது. உள்ளே இருட்டு. அன்று ஹேண்டில் சத்தத்தில் வெளியே கேட்காத குரல். அதே கெஞ்சல். அதே மரியாதை.

"மாமா, உங்க ஜோப்புல இருக்கறத அவருகிட்டக் குடுத்துருங்க."