சந்தியாகுவின் பங்குத் தண்ணீர்

சந்தியாகு இன்றும் தண்ணீரைத் திருடவில்லை.

திருடியிருக்க வேண்டும். அதற்காகத்தான் அவரை உருவாக்கியிருந்தார்கள். கதைநெறியாளர் உமையாள் சுவரை அடைத்து நின்ற திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோன ஒரு விசைப்படகு. அதில் ஐந்து பேர். மத்தியான வெயில் பலகையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. சந்தியாகு தண்ணீர்க் கேனை மடியில் வைத்து, அதன் மூடியில் அளந்து ஒவ்வொருவர் வாயிலும் ஊற்றினார். ஆளுக்கு ஒரு மூடி. கடைசி மூடி அவருடைய பங்கு. அதை உதடு வரை கொண்டுபோனவர், பக்கத்தில் சுருண்டு கிடந்த குரூஸ் முனகுவதைக் கேட்டார். மூடியை அவன் பக்கம் திருப்பிவிட்டார்.

"மறுபடியுமா?" என்றார் பின்னால் நின்ற தெய்வநாயகம். நிறுவனத்தின் தயாரிப்பாளர். "பசி வந்தா பத்தும் பறந்துபோகும்னு நம்ம முன்னோர் சும்மாவா சொன்னாங்க? இவருக்கு ஒண்ணுகூடப் பறக்க மாட்டேங்குதே."

அந்தப் பழமொழிதான் நிறுவனத்தின் முதலீடு. உயிர்த்தொடர்கள் வந்த பிறகு, எழுதி நடிக்கும் நாடகங்களை யாரும் சீந்துவதில்லை. உயிர்த்தொடரில் காட்சி எழுத ஆளில்லை. ஒரு மனத்தை வார்ப்பார்கள். அச்சம், பசி, பழைய நினைவு, முழங்கால் வலி எல்லாம் சேர்த்து வார்த்த மனம். அதை ஓர் ஆபத்தில் இறக்கிவிட்டால், மிச்சத்தை அதுவே வாழ்ந்துகொள்ளும். மனவார்ப்புக்கு ஆகும் செலவு யானையைக் கட்டித் தீனி போடுவதுபோல என்பதால், ஒரு தொடருக்கு ஒன்றுதான். சுற்றியிருப்பவர்கள் வெற்றுருக்கள். அவை முனகும், கெஞ்சும், செத்தும் போகும். ஆனால் உள்ளே யாரும் கிடையாது. இது பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். படகில் இருக்கும் ஒருவருக்கு மட்டும் தெரியாது.

முந்தைய தொடர்களில், பனிமலையில் விட்ட பேராசிரியர் தோழனின் கயிற்றை அறுத்தார். சுரங்கத்தில் விட்ட மருத்துவச்சி கடைசி ரொட்டியை இடுப்பில் ஒளித்தாள். ஊர் உலகம் உச்சுக் கொட்டிப் பார்த்துவிட்டு, நாம் இவ்வளவு மோசமில்லை என்ற நிம்மதியோடு படுக்கப் போனது.

சந்தியாகுவுக்கு இன்னும் தாராளமாகவே வைத்திருந்தார்கள். மலைபோன்ற உடம்பு, அதற்கேற்ற தாகம். தம்பி கடலில் மூழ்கியபோது குரூஸ் கயிறு வீசாமல் நின்றான் என்று ஒரு கசப்பான நினைவு. கேனும் அவர் பொறுப்பு. அதோடு படகுக்கு ஒரு வழக்கத்தையும் உமையாளே சேர்த்தாள்: ஊற்றுகிறவன்தான் கடைசியில் குடிக்க வேண்டும். மற்றவர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பவனுக்குத்தானே கை முதலில் அரிக்கும் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கு தப்பிவிட்டது. அவர் அந்த வழக்கத்தைத் தன் முதுகெலும்பாக்கிக்கொண்டார்.

பொறியாளர்கள் அவருடைய வார்ப்பைப் பிரித்துத் தேடினார்கள். கோபம் வைத்த இடம் இருந்தது, அச்சம் வைத்த இடம் இருந்தது. இந்த நல்ல குணத்தை யார் வைத்தது, எங்கே வைத்தது என்று தெரியவில்லை. யாரும் வைக்காத ஒன்று அங்கே வளர்ந்திருந்தது. அதைக் கேட்ட அன்று உமையாளுக்கு உடம்பு சிலிர்த்தது. கோயிலுக்குப் போய்ப் பல வருடம் ஆனவள், அன்று திரைக்கு முன்னால் காலை மடக்கி உட்கார்ந்தாள்.

ஆனால் அவர் உடம்பு தாங்கவில்லை. சிறுநீரகம் செயலிழந்துகொண்டிருப்பதைத் திரையின் ஓரம் காட்டியது. அடுத்த முறை ஊற்றும்போதும் தன் பங்கைக் குடிக்காவிட்டால் நாளைய வெயிலை அவர் பார்க்க மாட்டார். கதைக்குள் செத்த வார்ப்பை மறுபடி வார்க்கவும் முடியாது.

ஒரே வழி கரையேற்றம். வார்ப்புக்கு வலிக்கும் என்று பொறியாளர்கள் ஒப்புக்கொண்ட பிறகு, சட்டம் ஒவ்வொருவர் திரையிலும் அந்தப் பொத்தானை வைக்கச் சொல்லியிருந்தது. பார்ப்பவர்களில் பாதிப் பேர் அழுத்தினால், அந்த மனத்தைத் தூக்கி அமைதியான வேறொரு கதைக்கரையில் இறக்கிவிட வேண்டும். தொடர் அத்தோடு முடிந்துவிடும்.

அவரைக் கும்பிடாத வீடில்லை. ஆனால் கரையேற்ற வாக்குகளைக் காட்டும் முள் தரையோடு கிடந்தது. உமையாள் காரைக்குடியில் இருக்கும் அக்கா மெய்யம்மையை அழைத்தாள்.

"நீ பொத்தானை அழுத்தினியாக்கா?"

"அழுத்துறதா? ஏன்டி, அப்புறம் நாளைக்கு யாரைப் பாக்கிறது? அந்த மனுசனைப் பாக்க ஆரம்பிச்ச பிறகுதான் உங்க அத்தான் எங்கிட்டச் சிரிச்சுப் பேசுறாரு. பக்கத்து வீட்டுக்காரியோட பேச்சுவார்த்தை இல்லாம இருந்தேன்ல, நேத்து நானே போயிக் குழம்பு குடுத்துட்டு வந்தேன். நீ என்னமோ அவரைத் தூக்கிப்புடுவேங்கிறியே."

உமையாள் தெய்வநாயகத்திடம் திரும்பினாள். "நான் உள்ளே போறேன். உண்மையைச் சொல்லிக் குடிக்க வைக்கிறேன்."

தெய்வநாயகம் தலையாட்டினார். "போ. அவர் குடிச்சாலும் அது ஒரு காட்சிதான்."

உள்ளே போக ஒரு வெற்றுருவைக் கடன் வாங்க வேண்டும். சந்தியாகுவின் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்த குரூஸின் உருவை அவள் தேர்ந்தெடுத்தாள். நுழைகவசத்தைத் தலையில் மாட்டும்போது, உருவத்தோடு அதன் தாகமும் சேர்ந்து வரும் என்பதை மறந்துவிட்டாள்.

வெயில் முகத்தில் அறைந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் கஷ்டப்பட்டு வாயைத் திறந்தாள்.

"சந்தியாகு. நான் குரூஸ் இல்லை. வெளியே இருந்து வந்திருக்கேன்."

அவர் குனிந்து அந்தக் கண்களைப் பார்த்தார். "சொல்லுங்க" என்றார். குரூஸுக்கு அவர் ஒருநாளும் மரியாதை கொடுத்துப் பேசியதில்லை. பார்த்தவுடனே ஆள் வேறு என்று கண்டுகொண்டார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கடல், படகு, பார்ப்பவர்கள், வெற்றுருக்கள் என்று ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப குரூசுக்குத் தாகம் எடுக்காதா?"

"எடுக்கிற மாதிரி தெரியும். உள்ளே யாரும் இல்லை."

"எந் தம்பி?"

"அப்படி ஒருத்தர் இருந்ததே இல்லை."

அதுவரை கலங்காத முகம் அப்போது கலங்கியது. கடலைப் பார்த்தபடி, "நல்லாப் பாடுவான்" என்றார். பிறகு, "அப்ப குரூஸ் மேல நா வச்சிருந்த கோவமும் பொய்தான். ஒரு பாரம் கொறஞ்சுது" என்றார்.

"இனிமேலாவது உங்க பங்கைக் குடிங்க. இல்லேன்னா செத்துப்போயிருவீங்க."

அவர் கேனைத் திறந்து மூடியில் ஊற்றினார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. குடிக்கப் போகிறார் என்று அவள் நினைத்தாள். மூடி அவள் வாய்க்கு வந்தது.

"நான் சொன்னது புரியலையா? இவங்க யாரும் நிஜமில்லை."

"இவங்க இல்லன்னே வச்சுக்கிடுவோம். நா இருக்கேன்லா?" என்றார் அவர். "தாகம்னு ஒரு வாய் தொறந்துகிட்டு நிக்கும்போது, நா கேனக் கட்டிக்கிட்டு இருந்து குடிச்சேன்னு வைங்க. அப்புறம் நானும் இல்லாமப் போயிருவேன். இப்ப நீங்க வேற வந்திருக்கீங்க. நாக்கு வறண்டு கெடக்கு. மொதல்ல குடிங்க."

உமையாள் உதடுகளை இறுக்கிக்கொள்ளத்தான் நினைத்தாள். முடியவில்லை. தண்ணீரின் வாடை பட்டதும் வாய் தானாகத் திறந்தது. குடித்தாள். மூடியின் விளிம்பை நக்கவும் செய்தாள். காப்பாற்ற வந்தவள் அவருடைய பங்கைக் குடித்துத் தீர்த்திருந்தாள். அவள் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. அவ்வளவு இனிப்பான தண்ணீரைக் குடித்ததும் இல்லை.

குரல் திரும்பியதும் அவள் கெஞ்சினாள். "உங்களைக் கரையேத்த வழி இருக்கு. பாக்கிறவங்க ஒரு பொத்தானை அழுத்தினாப் போதும். நீங்க வாய்விட்டுக் கேளுங்க. அவங்களுக்கு நீங்கன்னா உயிர்."

"இவங்களும் வருவாங்களா?"

"நீங்க மட்டும்தான்."

"நா வந்துட்டா, பாத்துக்கிட்டு இருக்கவங்களுக்கு?"

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. "தொடர் முடிஞ்சிடும். உங்களைப் பாத்துப் பழகிட்டாங்க. வருத்தப்படுவாங்க."

சந்தியாகு தலையைத் தூக்கினார். அவர்கள் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று தெரியாமல், வானத்தை நாலு பக்கமும் பார்த்தார். பிறகு பொதுவாக ஒரு கும்பிடு போட்டார்.

"யாரும் அமுக்க வேணாம். நா போயிட்டா இவங்களுக்கு யாரு ஊத்துவா? நீங்களும் ஆசையாப் பாத்துக்கிட்டு இருக்கீங்கன்னு சொல்லுதாங்க. எனக்காக நீங்க வருத்தப்படக் கூடாது. அமுக்காம இருங்க, இந்த ஒண்ண மட்டும் செஞ்சு தாங்க."

சொல்லிவிட்டுப் பலகையில் மெல்லச் சாய்ந்தார். கேனை மட்டும் இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

உமையாள் கவசத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்தாள். தெய்வநாயகத்தின் கன்னம் நனைந்திருந்தது. அது நடிப்பில்லை. "பத்தும் பறக்காத ஒரு ஆளைப் பாத்துட்டேன், உமையாள்" என்றார்.

"அவரைத் தூக்குங்க சார்."

"நம்ம கையில பொத்தான் இல்லையேம்மா. சனங்க கையிலதான் இருக்கு. இப்ப அழுத்துவாங்க பாரு. இதைப் பாத்துட்டு யாரால அழுத்தாம இருக்க முடியும்?"

படகில் நடந்த அத்தனையையும் நாடே பார்த்திருந்தது. பேருந்துகளை ஓரங்கட்டிவிட்டு ஓட்டுநர்கள் பார்த்தார்கள். கடைகளில் தராசைக் கையில் பிடித்தபடியே நின்றார்கள். திரைகளுக்கு முன்னால் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் அழுதுகொண்டே கைகூப்பினார்கள். உமையாள் கரையேற்றத்தின் முள்ளைப் பார்த்தாள். முதல் தடவையாக அது வேகமாக நகர்ந்தது. கீழ்நோக்கி நகர்ந்தது. இதுவரை அழுத்தியிருந்த கொஞ்சப் பேரும் தங்கள் வாக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் அக்காவை அழைத்தாள். "அக்கா, அவர் போயிக்கிட்டு இருக்காரு. பொத்தானை அழுத்து. அத்தானையும் அழுத்தச் சொல்லு."

மெய்யம்மை விம்மிக்கொண்டே சொன்னாள்.

"உங்க அத்தான் எனக்குத் தெரியாம அழுத்தித்தான் வச்சிருந்தாரு. இப்பத்தான் நான் சண்டை போட்டு எடுக்க வச்சேன்."

"ஏன்கா?"

"என்னடி கேள்வி கேக்குற? அந்த மனுசன் தனக்குன்னு வாயைத் தொறந்து கேட்டதே இந்த ஒண்ணுதான். அதைக்கூட நாம செய்யலைன்னா, நாமெல்லாம் என்னடி மனுசங்க?"