ஏழில் எட்டு, எட்டில் ஏழு

கடுகு என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தது அவளுடைய மாமா. லேசாகச் சூடு பட்டால் போதும், படபடவென்று பொரிந்துவிடுவாள். வயது என்னவோ பத்துதான். ஆனால் கோபம் வந்தால் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். ஒருநாள் அவள் வாசலில் நின்று முறைத்த முறைப்பில், தெருவில் போன ஐஸ் வண்டி முழுதும் உருகிவிட்டது. அந்த வண்டிக்காரர் இப்போது பால் வியாபாரம் செய்கிறார்.

அப்படிப்பட்டவளுக்கு இரண்டு வாரமாகக் கை, கால், முதுகு எல்லாம் நீல நீலமாகக் கன்றிப் போயிருந்தது. எங்கேயும் விழவில்லை, யாரும் அடிக்கவில்லை. ஆனால் வகுப்பு டீச்சர் நம்பவில்லை.

"யாரோட சண்டை போட்ட?"

"யாரோடயும் போடல மிஸ்."

"அப்ப இதெல்லாம் என்ன?"

"அதுதான் எனக்கும் தெரியல மிஸ்!"

"எதிர்த்துப் பேசாதே."

போட்ட சண்டைக்குத் திட்டு வாங்கலாம். கடுகு நிறைய வாங்கியிருக்கிறாள். போடாத சண்டைக்குத் திட்டு வாங்குவது எந்த ஊர் நியாயம்? அன்று சாயங்காலம் அவளுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. அரை மணி நேரம் அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை. அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

குழந்தைகள் வார்டில் ஜன்னலோரம் இருந்த எட்டாம் படுக்கை அவளுக்குக் கிடைத்தது. ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். போதாது, எலும்புக்குள் இருப்பதையும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

"ஒண்ணுமில்லம்மா, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்," என்றார் பெரிய சிஸ்டர்.

"எந்த எறும்பு?"

"சின்ன எறும்புதான்."

"சின்ன எறும்பு எலும்பு வரைக்கும் போகுமா சிஸ்டர்?"

பெரிய சிஸ்டருக்கு உடனே வேறு எங்கோ அவசர வேலை வந்துவிட்டது.

உண்மையைச் சொன்னவர் லேப் அண்ணன் ஒருவர்தான். சாயங்காலம் ஒரு தட்டு நிறையக் கண்ணாடிச் சில்லுகளுடன் வந்து, அவள் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொன்றும் விரல் நீளம், விரல் அகலம். ஸ்லைடு என்றார்.

"அண்ணா, நாளைக்கு வலிக்குமா?"

"வலிக்கும்."

கடுகின் கோபம் பாதி இறங்கிவிட்டது.

"முதல்ல மரத்துப் போறதுக்கு ஊசி. சுருக்குனு இருக்கும். அப்புறம் இடுப்பெலும்புல இருந்து கொஞ்சூண்டு மஜ்ஜை உறிஞ்சுவாங்க. அப்ப ஒரு இழுப்பு இழுக்கும். நாலு எண்ணறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"மஜ்ஜைன்னா?"

"எலும்புக்குள்ள பஞ்சு மாதிரி இருக்கும். ரத்தம் அங்கதான் தயாராகுது. எங்கயாவது ரத்தம் கசிஞ்சா ஓடிப்போய் அடைக்கறதுக்குக் குட்டிக் குட்டித் துணுக்குங்க இருக்கு. தட்டணுன்னு பேரு. மஜ்ஜைக்குள்ள ராட்சச செல்லுங்க உக்காந்துக்கிட்டு, தன் உடம்பையே பிய்ச்சுப் பிய்ச்சு அந்தத் துணுக்குங்களை அனுப்பும். உனக்குத் துணுக்கு ரொம்பக் கம்மியா இருக்கு. ராட்சசன் வேலைக்கு வரலையா, இல்ல அவன் அனுப்பறது வழியில காணாமப் போகுதான்னு பாக்கணும்."

பேசிக்கொண்டே அவர் ஸ்லைடுகளின் ஓரத்தில் பென்சிலால் எண் எழுதினார்.

"பேனா இல்லையா அண்ணா?"

"மை எழுத்து சாயம் போடறப்போ கரைஞ்சிடும். பென்சில் அழியாது. மஜ்ஜையும் எடுத்த நிமிஷமே உறைய ஆரம்பிச்சிடும். நான் அப்ப எழுதிக்கிட்டு நின்னா கெட்டுப் போயிடும். அதான் இப்பவே எழுதி வெச்சுக்கறேன்."

"எல்லாத்துலயும் நம்பர்தான் இருக்கு. எங்களுக்குப் பேர் இல்லையா?"

"இந்த வார்டுல படுக்கை நம்பர்தான் வழக்கம்மா," என்று சிரித்துவிட்டுப் போனார்.

வழக்கம்! ஒவ்வொரு பிள்ளைக்கும் கையில் பெயர்ப்பட்டை கட்ட வேண்டும் என்று வார்டுச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதித்தான் இருந்தது. எழுதியவர் அத்துடன் களைத்துப்போய் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். பட்டையை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

அடுத்த ஏழாம் படுக்கை கதவோரம். அதில் ஆறு வயதுப் பையன் ஒருவன். சட்டைப் பொத்தானை எப்போதும் வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே இருப்பதால் பொத்தான் என்று அவனுக்குப் பெயர். அவனுக்கும் உடம்பெல்லாம் நீலம். அவனுக்கும் மறுநாள் அதே பரிசோதனை.

காலையில் கதவு திறக்கும்போதெல்லாம் ஊசித் தட்டு வண்டி கடகடவென்று உள்ளே வந்தது. ஒவ்வொரு முறையும் பொத்தான் அழுதான். அவன் அப்பா மருந்து வாங்கப் போயிருந்தார்.

"டேய், இங்க வா," என்றாள் கடுகு. "ஜன்னல் வழியா மதில் மேல பூனை தெரியுது. நீ இங்க படு. நான் அங்க படுக்கறேன்."

"வண்டி உன்கிட்ட வந்தா?"

"வரட்டும். முறைச்சே திருப்பி அனுப்பறேன்."

தலையணையைத் தூக்கிக்கொண்டு இருவரும் இடம் மாறினார்கள். பொத்தான் பூனையைப் பார்த்தான். அழுகை நின்றது.

பத்து மணிக்கு மஜ்ஜை எடுக்கும் டாக்டர் வந்தார். வாரத்துக்கு ஒருநாள் வேறு கட்டடத்திலிருந்து வருபவர். அவருக்கு யார் முகமும் நினைவிருக்காது. இடுப்பெலும்பைக் காட்டினால் அடையாளம் சொல்லிவிடுவார்.

"நீதானே ஏழு?" என்று கேட்டார்.

"இப்ப நான்தான் ஏழு," என்றாள் கடுகு. பொய் இல்லையே!

பக்கத்து அறைக்குக் கொண்டு போய் ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். ஊசி சுருக்கென்றது. அப்புறம் லேப் அண்ணன் சொன்ன அதே இழுப்பு. கடுகு நான்கு எண்ணினாள். நான்காவது எண்ணைக் கொஞ்சம் சத்தமாக எண்ணியதில், மதில் மேல் இருந்த பூனை அடுத்த தெருவுக்குக் குடிபோய்விட்டது. லேப் அண்ணன் உறைவதற்குள் தேய்க்கும் அவசரத்தில், யார் முகத்தையும் பார்க்காமல் சொட்டுகளை வாங்கி, மளமளவென்று ஒன்பது ஸ்லைடில் தேய்த்துவிட்டு ஓடினார். அடுத்து பொத்தானைக் கொண்டு போனார்கள்.

முடிந்ததும் ஒரு மணி நேரம் மல்லாந்து படுக்க வேண்டும். இருவரும் படுத்துக் கிடந்தபோது, அப்போதுதான் வேலைக்கு வந்த சின்ன சிஸ்டர் கையில் ஒரு தாளுடன் ஜன்னல் பக்கம் வந்தாள்.

"எட்டாம் படுக்கை, வயசு பத்துன்னு போட்டிருக்கு," என்று பொத்தானைப் பார்த்தாள். "பத்து வயசா நீ? ஒழுங்கா சாப்பிடறதே இல்லையா?"

கடுகுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

தாளில் எட்டு என்றால் கடுகு. ஸ்லைடில் எட்டு என்றால் பொத்தான். அப்படியானால் அவளுடைய மஜ்ஜை பொத்தான் கணக்கில் போகிறது. பொத்தானுடையது அவள் கணக்கில். அவளுக்குத் தர வேண்டிய மருந்தை அவனுக்குக் கொடுத்துவிட்டால்?

"சிஸ்டர்! ஸ்லைடு மாறிப்போச்சு!"

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. பெரிய சிஸ்டர்கிட்ட சொல்லு."

பெரிய சிஸ்டர் வந்தார்.

"படுக்கையை மாத்தினியா? யாரைக் கேட்டு மாத்தின?"

"அவன் அழுதான் சிஸ்டர். அதுல ஸ்லைடு..."

"இது என்ன உங்க வீடா, இஷ்டத்துக்கு மாத்தறதுக்கு?"

"சிஸ்டர், ஸ்லைடுல நம்பர்..."

"அதெல்லாம் பெரியவங்க பாத்துப்பாங்க. வாயை மூடிக்கிட்டுப் படு."

கடுகு அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சு?" என்றாள் அம்மா.

"அம்மா, அவர் என் முகத்தையே பாக்கல. முதுகைத்தான் பார்த்தார்! முதுகுல என்ன எழுதியா இருக்கு?"

அம்மா அவளுடைய முதுகைப் பார்த்தாள். ஜன்னலோரம் படுத்திருந்த பொத்தானைப் பார்த்தாள். பிறகு குனிந்து செருப்பைத் தேடினாள்.

"ஒரு மணி நேரம் முடியட்டும். லேப் எங்கன்னு கேட்டுட்டு வரேன்."

முடிந்ததோ இல்லையோ, கடுகு எழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரி அங்கிக்குப் பின்பக்கம் முடிச்சுக் கிடையாது. ஒரு கையால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அம்மாவைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இந்த அங்கியைத் தைத்தவரையும் ஒருநாள் பார்த்துப் பேச வேண்டும் என்று வழியிலேயே முடிவு செய்தாள்.

லேப் கதவில் 'அனுமதி இல்லை' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே மஜ்ஜை டாக்டர் மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்தபடி சொல்லிக்கொண்டிருந்தார். லேப் அண்ணன் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஏழாம் படுக்கை. பையன். வயசு ஆறு. மஜ்ஜை நல்லா இருக்கு. ராட்சச செல்லுங்க நிறைய இருக்கு. மாத்திரை குடுத்து வீட்டுக்கு அனுப்பிடலாம்."

"அது பையனோடது இல்ல! என்னோடது!" என்று ஜன்னலில் ஒரு தலை முளைத்தது.

லேப் அண்ணன் திரும்பினார். "நீ எட்டுல்ல?"

"நேத்து எட்டு. இன்னிக்குக் காலையில இருந்து ஏழு! சத்தமா நாலு எண்ணினது நான்தான்! என்கிட்ட இருந்து எத்தனை ஸ்லைடு தேய்ச்சீங்க?"

"அந்தச் சத்தமா? ஒம்பது ஸ்லைடு. அதுக்கு அடுத்து வந்த ஆளுக்குச் சரியாவே வரல, அஞ்சுதான் தேறிச்சு..." லேப் அண்ணன் தட்டைப் பார்த்தார். ஏழு என்று எழுதிய ஸ்லைடுகளை எண்ணினார். ஒன்பது இருந்தன. அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "சார், பையனோடது எட்டாம் நம்பர் ஸ்லைடு சார். அதுல ஒண்ணுமே இல்ல. மஜ்ஜை காலியா இருக்கு. அவனையா வீட்டுக்கு அனுப்ப இருந்தோம்?"

டாக்டர் கண்ணை எடுத்தார். "சிஸ்டர்கிட்ட சொல்லலையா நீ?"

அவ்வளவுதான். கடுகு பொரிந்துவிட்டாள்.

"சொன்னேன்! வாயை மூடுன்னாங்க! என்னை யாராவது நீ யாருன்னு கேட்டீங்களா? நீ ஏழான்னுதானே கேட்டீங்க? நம்பரைக் கேட்டா நம்பரைத்தான் சொல்ல முடியும்! எங்க எலும்புல ஊசி குத்தத் தெரியுது, பேரைக் கேக்கத் தெரியாதா?"

அவள் போட்ட சத்தத்தில், வாசலில் அலறிக்கொண்டு வந்த ஆம்புலன்ஸ் வெட்கப்பட்டுத் தானாகவே சைரனை நிறுத்திக்கொண்டது. சந்தேகம் இருந்தால் அந்த ஆம்புலன்ஸையே கேட்டுப் பார்க்கலாம்.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு, முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"நியாயமான கேள்வி. தப்பு எங்களோடது. மன்னிச்சுக்கம்மா," என்றார். "ஆனா நீ சொன்னதுக்காக மட்டும் நான் மாத்தி எழுதக்கூடாது. அதுவும் தப்பு. ரெண்டு பேரோட நேத்து ரத்த ரிப்போர்ட்டையும் எடுங்க. இதோட வெச்சுப் பாப்போம்."

பார்த்தார்கள். பொத்தானின் ரத்தத்தில் தட்டணு மட்டுமில்லை, எல்லாமே குறைவாக இருந்தது. எட்டாம் எண் ஸ்லைடோடு அது அச்சாகப் பொருந்தியது. கடுகு சொன்னதுதான் சரி.

"உன் முழுப் பேரைச் சொல்லு," என்று பென்சிலைக் கூராகச் சீவினார் லேப் அண்ணன்.

சாயங்காலம் டாக்டர் தாமே வார்டுக்கு வந்தார். பொத்தானின் அப்பாவை உட்கார வைத்துப் பேசினார்.

"மஜ்ஜை வேலையை நிறுத்திடுச்சு. பெரிய வைத்தியம்தான், நாளாகும். ஆனா வைத்தியம் இருக்கு. இன்னிக்கு வீட்டுக்கு அனுப்பியிருந்தாத்தான் ஆபத்து. நாளைக்கே ஆரம்பிக்கறோம்."

பொத்தானின் அப்பா தலையைத் தலையை ஆட்டினார். பிறகு கடுகின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கடுகு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு என்ன டாக்டர்?" என்று கேட்டாள்.

"உன் ராட்சசனுங்க நல்லா வேலை செய்யறாங்க. ஆனா உன் உடம்புல இருக்கற காவல்காரங்க, அந்தத் துணுக்குங்களை எதிரின்னு நினைச்சு அடிச்சுப் போடறாங்க."

"என் உடம்புக்கே என் ஆளுங்களைத் தெரியலையா?"

"ஆமாம்மா. அதுவும் எங்களை மாதிரிதான். மாத்திரை குடுத்துச் சொல்லிப் புரிய வைப்போம்."

கடுகு தன் உடம்பைக் குனிந்து ஒரு முறை முறைத்தாள்.

டாக்டர் போனதும் பெரிய சிஸ்டர் வந்தார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. கையில் பழைய தாள்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. குழப்பம் வேண்டாம். ரெண்டு பேரும் எழுந்து அவங்கவங்க படுக்கைக்குப் போங்க. தாளில இருக்கற மாதிரி இருக்கணும்."

பொத்தான் கதவைப் பார்த்தான். வாயில் இருந்த பொத்தானை இன்னும் வேகமாகக் கடித்தான்.

"எதுக்கு சிஸ்டர் நாங்க எழுந்திருக்கணும்?" என்றாள் கடுகு. "தாளை மாத்துங்க!"

பெரிய சிஸ்டர் அவளைப் பார்த்தார். பொத்தானைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்து, ஏழையும் எட்டையும் அடித்துவிட்டு, இரண்டு பெயர்களையும் எழுதித் தாளை நீட்டினார்.

"சரியா இருக்கா, பாரு."

கடுகு ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்தாள்.

"சரியா இருக்கு, சிஸ்டர்," என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கதவோரப் படுக்கையில் ஏறிக் காலை நீட்டிப் படுத்தாள்.