படம் இல்லாத பிள்ளை

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் மார்ச் மாதம், எங்கள் ஊர் கிண்டர்கார்டனின் சாவி என் கைக்கு வந்தது. ஜெர்மனியின் தூரிங்கியாவில் கிண்டர்கார்டன் என்ற சொல்லே புதிதாக இருந்த காலத்துக் கட்டடம் அது. முதலில் இடிக்கப் போகிறோம் என்றார்கள், பிறகு காப்பாற்றப் போகிறோம் என்றார்கள். மேலதிகாரிகளுக்குக் காப்பாற்றுவது என்றால் ஒரே அர்த்தம்தான்: கட்டிய நாளில் இருந்தபடி ஆக்கு, அதற்குப் பிறகு வந்ததையெல்லாம் சுரண்டி எடு. சுரண்டுகிறவன் நான்.

கோட்டு மாட்டும் அறையில் இருபது கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியின் மேலும் சுவரில் ஒரு சின்னப் படம்: வாத்து, குடை, செர்ரி, காளான். எழுத்து தெரியாத பிள்ளைகளுக்குப் படம்தான் பெயர். பிள்ளைகள் மாறுவார்கள், படம் மாறாது. நானும் மூன்று வருஷம் அங்கே வாத்தாக இருந்தவன்.

மறுநாள் அந்தப் படங்களைச் சுரண்ட வேண்டும். அன்று மதியம் கெர்லிண்டே அத்தை வந்தார். எங்கள் ஊரில் கிண்டர்கார்டன் டீச்சரைப் பிள்ளைகள் அத்தை என்றுதான் கூப்பிடுவார்கள். அறுபத்தேழு வயதில், கட்டடத்தை இடிக்கக் கூடாதென்று மேயர் வீட்டு வாசலுக்கு நடையாய் நடந்தவர் அவர்.

"என்னடா வாத்து, மண்டை இப்படி வழுக்கையாயிடுச்சு?"

"இறகு கொட்டுற காலம் அத்தை."

சிரித்தவர் சுவரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "நாளைக்கு இதெல்லாம் போயிடுமா?"

"போயிடும்."

"அப்போ இன்னைக்கு ஒரு தடவை கூப்பிட்டுக்கறேன். நீ ஓரமா நில்லு."

யாரை என்று கேட்டேன். அவர் கொக்கிகளுக்குக் கீழே இருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

நாற்பத்தைந்தில், யுத்தம் முடியும் சமயத்தில், அவருக்குப் பத்தொன்பது வயது. மதியத் தூக்க நேரத்தில் குண்டு போடும் விமானங்கள் வந்தன. பிள்ளைகளைப் பாதாள அறைக்கு இறக்கி, இருட்டில் படத்தைச் சொல்லிச் சொல்லி எண்ணினார். இருபது படத்துக்கும் பதில் வந்தது. சரியாக இருக்கிறது என்று கதவைச் சாத்தினார். கிழக்கிலிருந்து ஓடிவந்த அகதிகளில் ஒரு சிறுமி முந்தின நாள்தான் சேர்ந்திருந்தாள். அவளுக்கு இன்னும் படம் கொடுக்கவில்லை.

"நாளைக்குத் தர்றேன்னு சொன்னேன்டா. பேரைக்கூட கேக்கல. இந்த பெஞ்சுக்கு அடியிலதான் கிடந்தா, மேலெல்லாம் உடஞ்ச ஜன்னல் கண்ணாடி. கட்டடத்த இடிச்சிருந்தா அவ எங்க போய் காத்திருப்பா?"

கையிலிருந்த உளியைக் கீழே வைத்தேன்.

அத்தை கூப்பிடத் தொடங்கினார்.

"குடை... செர்ரி... காளான்..."

ஒவ்வொன்றுக்கும் காத்திருந்து அடுத்ததைச் சொன்னார். வாத்து என்றபோது என்னை அறியாமல் "இருக்கேன்" என்றேன்.

இருபதும் முடிந்தது.

ஈரக் கம்பளி வாசனை வந்தது. வெளியே நல்ல வெயில். மூன்று வருஷமாக அங்கே யாரும் கோட்டு மாட்டவில்லை.

அத்தை மெதுவாக முழங்காலிட்டார். "நேத்து வந்த பாப்பா... உனக்கு என்ன படம் வேணும்?"

பெஞ்சுக்கு அடியில் ஏதோ உரசியது.

நான் குனிந்து பார்க்கவில்லை. எனக்குத் தைரியம் இல்லை.

"அத்தை..."

மூச்சளவுக் குரல்.

"சத்தம் நின்னுடுச்சா?"

நாற்பத்தெட்டு வருஷமாக அந்தப் பிள்ளை அதைக் கேட்கக் காத்திருந்திருக்கிறது. நான் அழுதுவிட்டேன்.

"நின்னுடுச்சு கண்ணு," என்றார் அத்தை. "எப்பவோ நின்னுடுச்சு. என்கிட்ட வா."

இரண்டு கையையும் பெஞ்சுக்கு அடியில் நீட்டினார். வெகுநேரம் அப்படியே இருந்தார். பிறகு எழுந்து, என்னைப் பார்க்காமல் வெளியே போனார்.

ஜன்னலுக்கு ஓடினேன். வெறுங்கையோடு வந்தவர், இடது கையை மடித்து இடுப்போடு அணைத்தபடி, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து நடந்தார். தெருமுனையில் மூச்சு வாங்க நின்றார். கண்ணுக்குத் தெரியாத எதையோ ஏந்தி, அந்த இடுப்பிலிருந்து இந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, வீட்டைப் பார்த்து நடந்தார்.