வலிக்காத ஊசி

தீர்ப்பு வந்த மறுநாள் காலை சலவைக் கடைக்காரரின் விரல் வெந்துகொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

தைத்து முடித்த சட்டைகளைத் தேய்க்கக் கொடுக்கப் போனவள் முதலில் வாசனையைத்தான் உணர்ந்தாள். நீராவியும் சோப்பும் ஈரத்துணியும் கலந்த வழக்கமான வாசனைக்கு அடியில் வேறொன்று, அடுப்பில் முடி பொசுங்கியது போல. அவர் இடது கையால் ஒரு காலரை இழுத்துப் பிடித்து, வலது கையால் இஸ்திரிப் பெட்டியை அழுத்திக்கொண்டிருந்தார். பெட்டியின் ஓரம் இடது சுண்டுவிரல்மேல் ஏறி நின்றது. அவர் கண்கள் மூலையிலிருந்த டிவியில் இருந்தன. அதில் நீதிமன்ற வாசலில் ஒரு கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. சத்தத்தை அவர் முழுக்கக் குறைத்திருந்ததால் திறந்து திறந்து மூடும் வாய்கள் மட்டுமே தெரிந்தன.

"அண்ணே, கை!"

அவர் குனிந்து பார்த்தார். பெட்டியை அவசரமில்லாமல் எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"அட, ஆமா," என்றார், யாருடைய விரலையோ பார்ப்பது போல. "சட்டைல கறை கிறை பட்டுச்சான்னு பாரும்மா."

தீர்ப்பு ஒரு நர்ஸுக்கு எதிரானது. அந்த நர்ஸ் அவளுடைய அக்கா. வார்டில் படுத்திருந்தவர்களுக்கு டாக்டர் எழுதாத எதையோ ஊசியில் ஏற்றினாள் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. செத்தவர்களின் படங்கள் எல்லாச் சேனலிலும் வந்தன. ஏன் செய்தாய் என்று கேட்டதற்கு அக்கா கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. தங்கையின் கணவன், வெளியூருக்கு லாரி ஓட்டிப் போயிருந்தவன், போனில் பதறினான். "கதவத் தாழ்ப்பாள் போட்டுக்க. யாராவது கல்லு கில்லு வீசினா போலீசக் கூப்பிடு. லோடு இறக்கினதும் ஓடி வந்துடறேன்."

அவள் கல்லுக்காகக் காத்திருந்தாள். கல் வரவில்லை. தெருவில் யாரும் திட்டவில்லை, முகத்தைக்கூடத் திருப்பிக்கொள்ளவில்லை.

காய்ச்சல், சளி, நாய்க்கடி, சத்து ஊசி, எதுவாக இருந்தாலும் இந்தத் தெருக்காரர்கள் மருந்தை வாங்கிக்கொண்டு அக்காவிடம்தான் வருவார்கள். அக்கா பஞ்சால் துடைப்பாள், பிள்ளைகளின் படிப்பைப் பற்றி ஏதாவது விசாரிப்பாள், பதில் சொல்லி முடிப்பதற்குள் ஊசி வெளியே வந்திருக்கும். "அவ குத்தினா வலிக்கவே வலிக்காது" என்று பக்கத்துத் தெருவில் போய்ப் பெருமையடித்தவர்கள் இவர்கள். அக்காவிடம் கையை நீட்டாதவள் தங்கை ஒருத்திதான். ஊசியைப் பார்த்தாலே அவளுக்கு மயக்கம் வரும். "தையல்காரிக்கு ஊசின்னா பயமாம். வெளிய சொல்லிடாத, ஒருத்தரும் துணி குடுக்க மாட்டாங்க" என்று அக்கா கேலி செய்வாள். ஆனால் மகள் குட்டியின் கையை நீட்டியிருக்கிறாள். கடைசியாகக் குட்டிக்குக் காய்ச்சல் வந்தபோது, குழந்தையின் கை அசையாமல் பிடித்துக்கொண்டு தன் முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மதியம் எதிர்வீட்டு அத்தை வந்தாள். அவள் நடந்து வந்த வழியெல்லாம் தரை சிவந்திருந்தது.

"ஐயோ அத்தை, கால்ல ரத்தம்!"

"டம்ளர் உடஞ்சுது. மிதிச்சிருப்பேன் போல." அத்தை நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடித் துண்டு இன்னும் உள்ளேயே இருந்தது. "உங்க மாமா பாத்துச் சொன்னாரு. அவரு மட்டும் என்ன, தூக்கத்துல நாக்கக் கடிச்சுக்கிட்டு காலைல வந்து காட்டறாரு. அப்படியே ஊமையாயிட்டா எனக்கு நிம்மதின்னேன்."

சிரிக்க வேண்டிய இடத்தில் அத்தை சிரிக்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போங்க அத்தை."

"அங்க எந்த மகராசிய நம்பிக் கால நீட்டறது?" அத்தையின் குரல் இறங்கியது. "நெஜமாச் சொல்லு. எங்களுக்கு என்னத்தடி போட்டா?"

"சத்தியமா எனக்குத் தெரியாது."

"கோவமே வர மாட்டேங்குது. டிவில செத்தவங்க வீட்டுக்காரங்க மார்ல அடிச்சுக்கிட்டு அழறாங்க. நானும் அழலாம்னுதான் உக்காந்து பாத்தேன். ஒண்ணும் வரல." எழுந்தவள் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். "நீ மட்டும் அவகிட்ட போட்டுக்கிட்டதே இல்ல, என்ன?"

அத்தை காலில் கண்ணாடித் துண்டோடு தெருவைக் கடந்து போனாள், நொண்டாமல்.

பள்ளி விட்டுக் குட்டி வந்தாள். பையை வீசினாள், தண்ணீர் குடித்தாள், பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தலை வாரிக்கொள்ள முன்னால் வந்து உட்கார்ந்தாள். எப்போதும் போலத்தான் எல்லாம். கிள்ளிப் பார்க்கலாம், ஐஸ் கட்டியை வைத்துப் பார்க்கலாம், காலையிலிருந்து அம்மா இதையேதான் நினைத்திருந்தாள், கை வரவில்லை. தெரியாத வரைக்கும் குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது.

சீப்பை எடுத்தாள். பின்கழுத்தில் ஒரு சிக்கு. தினமும் அந்தச் சிக்கில் சீப்பு பட்டதுமே குட்டி வீட்டை இரண்டாக்குவாள். சீப்பு பட்டது. பாட்டு நிற்கவில்லை. கொஞ்சம் இழுத்தாள். நிற்கவில்லை. வெடுக்கென்று இழுத்தாள். கொத்தாக முடி, வேரோடு, சீப்பில் வந்தது. வேர்களில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள்.

குட்டி அடுத்த வரியைப் பாடிக்கொண்டிருந்தாள்.

அவள் எழுந்து போய்த் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். ஏதாவது தைக்க வேண்டும். கையில் கிடைத்த துணியை மெஷின் ஊசிக்கு அடியில் தள்ளினாள். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. எல்லா வீட்டு டிவியிலும் அதே கூட்டம், சுவர்களைத் தாண்டிக் கேட்கும் அதே முழக்கம், தூக்கில் போடு, தூக்கில் போடு. மெஷின் எண்ணெயின் வாசம். கால் மிதித்தது. துணி ஓடியது. கண்ணைத் தண்ணீர் மறைத்தது.

ஊசி வலது ஆள்காட்டி விரலின் நகத்தைத் துளைத்து இறங்கி நின்றது.

அவள் கத்தினாள்.

முழக்கம் நின்றது. ஒரு வீட்டில். அடுத்த வீட்டில். அதற்கடுத்த வீட்டில். தெரு முழுக்க டிவிகள் அணைந்தன.

"குட்டி! சக்கரம்... எனக்கு எட்டல, சக்கரத்தப் பின்னால சுத்துடா கண்ணு. ஊசி மேல வந்துடும். சீக்கிரம்."

குட்டி வந்தாள். விரலைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கதவுகள் திறக்கும் சத்தம். செருப்பில்லாத கால்கள். தாழ்ப்பாளைப் போடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

எதிர்வீட்டு அத்தை. அவள் பின்னால், வாயோரம் காய்ந்த ரத்தத்தோடு மாமா. சலவைக் கடைக்காரர். பெயர் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. அறை நிறைந்தது. வாசல் நிறைந்தது. ஜன்னல் கம்பிகளுக்கு நடுவில் முகங்கள்.

"அண்ணே, சக்கரத்தச் சுத்துங்கண்ணே. உங்களக் கும்பிடறேன்."

கடைக்காரர் கிட்டே வந்து குனிந்தார். "வலிக்குதாம்மா?"

"வலிக்குது!"

"எப்படி இருக்கு?"

அவள் மீண்டும் கத்தினாள். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அத்தையின் கண்களில் மெதுவாக நீர் கட்டியது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஈர விரலை மாமாவிடம் காட்டினாள்.

"வருது," என்றாள். "வருதுங்க."

முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தரையில் உட்கார்ந்தார்கள், பின்னால் இருப்பவர்களுக்கும் தெரியட்டும் என்று.

குட்டி சக்கரத்தில் கை வைத்தாள்.

"பின்னால, கண்ணு. பின்னால."

"இன்னொரு தடவ கத்தும்மா," என்றாள் குட்டி.

சின்னக் கை சக்கரத்தை முன்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது.