பெரியப்பா போட்ட ஃபியூஸ்

தும்பியின் வீட்டில் ஃபியூஸ் போனால் பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிளம்புவார். ஒருவர் டார்ச் பிடிக்க வேண்டும். ஒருவர் ஸ்டூலைப் பிடிக்க வேண்டும்.

"வேலை நேரத்துல பேச்சு கூடாது" என்பார். பிறகு அவர் மட்டும் பேசிக்கொண்டே இருப்பார்.

ஆறு மாதங்களுக்கு முன், மெல்லிய ஃபியூஸ் கம்பியை எடுத்துவிட்டுத் தடித்த கம்பி ஒன்றைச் சுற்றினார். "இனிமே இது போகவே போகாது!"

உண்மையாகவே போகவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், தண்ணீர் கொடுப்பதற்கு முன் ஃபியூஸ் பெட்டியைக் காட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்தப் பெட்டிக்குக் கீழே செருப்பைத் தேடினாள் பத்து வயதுத் தும்பி. கருகல் வாடை அடித்தது. மரப்பெட்டியின் ஓரம் பழுப்பேறியிருந்தது. ஓடிப்போய்ச் சொன்னாள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த அம்மா உடனே மெயினை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியன் அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா ஒரு புதுப் பெட்டியோடு வந்தார். பழையதைத் திறந்தார். "யாருங்க இந்தக் கம்பியைப் போட்டது? இதுல துணியே காயப்போடலாம் போலிருக்கே!"

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். பெரியப்பா மார்பை நிமிர்த்தினார். "நான்தாம்மா. ஆறு மாசமா ஒரு தடவைகூடப் போகலை."

"போகணும் சார். போறதுதான் அதோட வேலை. அது போகலைன்னா சுவத்துக்குள்ள வயர் எரியும். பெட்டியையே மாத்திடலாம்."

"ஒண்ணும் மாத்த வேண்டாம். எனக்குத் தெரியாததா?" பெட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அம்மா அப்பாவைப் பார்த்தார். அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழகாத அப்பா செய்தித்தாளைப் பார்த்தார். அக்கா பையை மூடத் தொடங்கினார்.

அக்கா போய்விட்டால், அதே கம்பியில் மெயினைப் போட்டுவிடுவார்கள். தும்பி பெரியப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"கோபமா பெரியப்பா?"

"எனக்கா? சேச்சே!" குரல் மட்டும் கோபமாக இருந்தது.

"இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே பெரியப்பா பாப்பாவோட தொட்டில் இருக்கு?"

பெரியப்பா சுவரைப் பார்த்தார். ஒரு நிமிடம் முழுக்கப் பேசவில்லை. அவர் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

"புதுப் பெட்டியில எட்டு சுவிட்ச் இருக்கு. எது எந்த ரூமுக்குன்னு எழுதி ஒட்டணுமாம். எந்த வயர் எங்க போகுதுன்னு உங்களைத் தவிர இங்க யாருக்குத் தெரியும்?" என்றாள் தும்பி.

அது ஐஸ் வைத்தது இல்லை. உண்மையாகவே வேறு யாருக்கும் தெரியாது.

பெரியப்பா எழுந்து நாற்காலியை நகர்த்தினார். "பேனா எங்க?"

மாலைக்குள் புதுப் பெட்டி ஏறியது. பெரியப்பா எட்டுச் சீட்டுகளை முத்து முத்தாக எழுதி ஒட்டினார். 'சமையலறை: பதற வேண்டாம்' என்றது ஒன்று. 'குளியலறை: முதலில் ஈரக்கையைத் துடைக்கவும்' என்றது இன்னொன்று.

அடுத்த வாரம் அயர்ன் பாக்ஸும் ஹீட்டரும் ஒன்றாக ஓடியபோது, லோடு தாங்காமல் ஒரு சுவிட்ச் டக்கென்று தானாகக் கீழே இறங்கியது. பெரியப்பா வந்தார். சீட்டைப் படித்தார். ஹீட்டரை அணைத்தார். ஒரே விரலால் சுவிட்சை மேலே தள்ளினார்.

"சரி பண்ணிட்டேன்!" என்றார்.

தும்பிதான் முதலில் கை தட்டினாள்.