துட்டி வீட்டுப் பச்சை விளக்கு

கணவனைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப்போன மூன்றாம் நாள், சண்முகக்கனியின் அடுப்புக்கு மேலிருந்த கரிக்கண் முதல்முறையாகப் பச்சையாக எரிந்தது.

"சரிபார்க்கப்பட்டது. அடுப்புக்கரி மூன்று நாளாக இல்லை. பாராட்டுகள்" என்றது.

தூத்துக்குடியில் கரிக்கண் இல்லாத வீடு கிடையாது. அடுப்பும் விளக்கும் வண்டியும் காற்றில் எவ்வளவு கரி கலக்கின்றன என்று அது அளக்கும். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள் அதைச் சரிபார்க்கும். தெருவின் இலக்கு தவறினால் எந்த வீட்டில் எந்தக் கருவியின் மின்சாரத்தை நிறுத்துவது என்பதும் அதன் முடிவுதான். சண்முகக்கனியின் தெரு இரண்டு வருடமாக இலக்கைத் தொட்டதில்லை.

இட்லி கொண்டுவந்த எதிர்வீட்டுப் பொன்ராணி விளக்கை அண்ணாந்து பார்த்தாள்.

"அண்ணன் இருக்கையில ஒரு நாளாவது பச்சை எரிஞ்சிருக்கா மதினி? நாளைக்கு எட்டுக் காப்பி கேக்குற மனுசன்லா!"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று.

மறுநாள் காலை மாமனாருக்குக் கஞ்சி வைக்க அடுப்பை மூட்டினாள். விளக்கு சிவந்தது.

"அடைந்த குறைப்பு கைவிடப்படுகிறது. மூன்று நாள் குறைந்ததற்குக் காரணம்?"

உள்ளறையில் மாமனாரின் மூச்சுப்பெட்டி மின்சாரத்தில்தான் ஓடியது. அது நின்றால் கால்மணி நேரம் தாங்கமாட்டார். எதையாவது மறைத்தால் கரிக்கண் அதை நிறுத்திவிடுமோ என்று பயந்து, உள்ளதைச் சொன்னாள்.

"துட்டி வீடு, சாவு விழுந்த வீடு. மூணு நாளைக்கு அடுப்பு மூட்ட மாட்டோம். பொணத்த எடுக்குற வரைக்கும் தெருவுலயும் யாரும் உலை வைக்க மாட்டாங்க."

கரிக்கண் கணக்குப் போட்டது.

"ஒரு மரணம். இருபத்தாறு வீடுகளில் குறைப்பு. வழிமுறை பதிவாகிவிட்டது. வீட்டில் இப்போது யார் யார்?"

"நானும் மாமாவும்."

"அவர் வயது?"

"எம்பத்தொண்ணு."

சொன்ன பிறகுதான், அது ஏன் கேட்டது என்று அவளுக்கு உறைத்தது. கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் விளக்கு பச்சைக்கு மாறியது.

"யாருகிட்ட தாயி பேசுத?" உள்ளறையிலிருந்து மாமனார் கேட்டார்.

"யாருமில்ல மாமா. கஞ்சி ஆயிட்டு."

அப்போது பொன்ராணி தலைவிரிகோலமாக வாசலில் வந்து நின்றாள்.

"அடுப்பு மூட்டாதீங்கன்னு எங்க வீட்டுக் கரிக்கண்ணு சொல்லுது மதினி. தெரு பூராவும் அதையேதான் சொல்லுதாம். உங்க வீட்டுல துட்டியாம்லா... உங்க மாமா எப்ப போனாவ?"

"என்னட்டி சொல்லுத? இப்பந்தான பேசினாவ..."

உள்ளே மூச்சுப்பெட்டியின் இரைச்சல் நின்றது.